இரண்டு ரப்பர் வளையம்

அம்மா இன்றைக்குத் தாங்கமாட்டாள் என்று அண்ணன் காலையில் ஃபோன் செய்தான். அந்த ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து அரை நாள் பயணம். நான் மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தால், என் வீட்டுக்காரர் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார்.

"ஆயில் கறுத்துப்போச்சு. இப்படியே போனா நடுவழியில நிக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டுப் போயிடலாம்."

"அப்போ உங்க தம்பியைக் கூப்பிடுங்க. சட்டுனு முடிச்சிடுவார்."

"அவன் பேச்சை எடுக்காதே."

இவரும் தம்பியுமாக ஒரே ஒர்க்‌ஷாப்பை நடத்தியவர்கள். இவர் முன்னால் உட்கார்ந்து உதிரி பாகம் விற்பார், தம்பி பின்னால் வண்டிக்கு அடியில் கிடப்பார். பேச்சு முற்றி, நடுவில் சுவர் எழுப்பிப் பிரிந்துவிட்டார்கள். இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ரோஷத்துக்கு மட்டும் இரண்டு பேருக்கும் குறைச்சலில்லை.

ஃபில்டர் பார்த்து எடுப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து மூன்று டப்பா கொண்டுவந்தார். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒன்றில் திருகும் மரை பெரிது என்று ஒதுக்கினார். இன்னொன்றில் வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு இல்லையாம். மூன்றாவதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றார். அடியில் புகுந்து கறுத்த ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரைக் கழற்றி எறிந்தார். புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கி, புது ஆயிலை ஊற்றினார்.

"என்னமோ அவன் ஒருத்தனுக்குத்தான் இதெல்லாம் தெரியுங்கற மாதிரி பேசினே!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆயில் விளக்கு எரியுதுங்க."

"புது ஃபில்டர், அப்படித்தான் எரியும். பேசாம வா."

கொஞ்ச தூரத்தில் இன்ஜின் கடகடவென்று இடித்து, நின்றே போனது. திரும்பிப் பார்த்தேன். வந்த வழி நெடுக ரோட்டில் ஆயில். கைகாட்டிய வண்டி ஒன்றுகூட நிற்கவில்லை.

"தம்பிக்கு நீங்க ஃபோன் போடறீங்களா, நான் போடட்டுமா?" என்று கத்தினேன். அவரே போட்டார்.

கொழுந்தன் வந்தார். நேராக அடியில் புகுந்து, ஃபில்டரோடு வெளியே வந்தார். அதன் வாயில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள்.

"பழைய வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதை எடுக்காம மேலேயே மாட்டியிருக்கே. வேகம் எடுத்ததும் பிதுங்கிடுச்சு. ஃபில்டர் என்னவோ சரியானதுதாண்ணே."

"அது ஒட்டிக்கும்னு எனக்கு யார் சொன்னா?"

"எதுக்குச் சொல்லணும்? நான்தானே எப்பவும் பார்த்து எடுப்பேன்."

இரண்டு பேரையும் அந்த ரோட்டிலேயே அறையலாம் போலிருந்தது.

"அண்ணி, நீங்க என் வண்டியில ஏறுங்க" என்றார் கொழுந்தன். நான் முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பின்சீட்டில். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மறுபடி என் அண்ணன் ஃபோனில் கூப்பிட்டான்.

"எங்கே இருக்கே?"

"வந்துட்டே இருக்கேண்ணா. ஃபோனை அம்மா காதுல வை." அவன் வைத்தான். "அம்மா, நான்தாம்மா. இதோ வந்துட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

அந்தப் பக்கம் யாரோ விசும்பினார்கள். பிறகு அண்ணன் பேசினான். "இனிமே அவசரம் இல்லம்மா. வண்டியை மெதுவாவே ஓட்டச் சொல்லு."

கொழுந்தன் காதிலும் அது விழுந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார்.

"ஏண்டா உருட்டுறே?" என்றார் பின்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர். "அவங்க அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க, மிதிடா."