புல்லின் பங்கு

"தாத்தா, புல்லுக்கு மட்டுந்தான் தண்ணி தவிக்குமா?"

நான்கு மாதங்களுக்கு முன், மைதானத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் குடியிருக்கும் வியாகுலம்மாளின் சின்ன மகள் கேட்டது இது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன செல்லக்கிளி பக்கத்தில்தான் நின்றாள். மைதானக் காவலரான அப்பா பெருமாள்சாமி ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு கோல்கம்பத்துப் பக்கம் போய்விட்டார்.

இன்று காலை அண்டாவைச் சாய்த்து அடித்தண்ணீரை வழித்தபோது, ஏனோ அது நினைவுக்கு வந்தது. ஒரு செம்புதான் தேறியது. முன்னறைப் பெஞ்சில் அப்பா கிடந்தார். விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

சித்தப்பா சடையாண்டி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிரேதத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளிகள் போய்க் குடங்களில் நீர் கொண்டுவர வேண்டும்.

"எங்கிட்டுப் போறது? கெணறு வறண்டு ரெண்டு மாசமாச்சு. தெருக்குழாய்ல நாளைக்குத்தான் வரும். ஏத்தா, மைதானத்துச் சாவி ஆணியிலதான தொங்குது?"

"வேணாம் சித்தப்பா."

"ஏன், செத்தவனுக்கும் மெமோ குடுப்பாகளாக்கும்?"

"அப்பாவுக்கு ஆகாது."

கோடை தொடங்கியதும் மைதானக் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. காலையில் ஒரு மணி நேரம் புல்லுக்குத் தண்ணீர்; வேறு யாரும் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. புல் காய்ந்தால் அடுத்த வருடம் கால்பந்துப் போட்டி கிடையாது. போட்டி இல்லையென்றால் இடத்தை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏலம் விட்டுவிடுவார்கள். தீர்மானத்தில் தவறில்லை என்றே அப்பா சொல்லுவார்.

அதில் செல்லக்கிளிக்குக் கோபமில்லை. ஆனால் அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக் குடத்தில் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

"குளிக்கத் தண்ணியில்ல, அதையும் கொண்டுபோய்ப் புல்லுக்கா ஊத்துறீக?" என்று நான்கு நாட்களுக்கு முன் கேட்டாள்.

"கடன்ம்மா" என்றார் அவர்.

அதன்பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நேற்று ராத்திரியும் அப்படித்தான்.

அழுகை வரவில்லை. செம்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் முகம் துடைக்கலாம். கால்களுக்குப் போதாது.

வெயில் ஏறும்போது தெருமுனையில் பெண்கள் வந்தார்கள். மைதானத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வரிசையாக இருக்கும் லயன் வீட்டுக்காரிகள். ஏழு பேர், இடுப்பில் ஏழு குடம். முன்னால் வியாகுலம்மாள்.

சித்தப்பா தயங்கினார். "பங்காளிகதான எடுக்கணும், தாயீ..."

"நாங்க எடுத்தாரல அண்ணே. இந்தா, இங்கனயே வச்சிர்றோம். நீங்க வந்து எடுத்துக்கங்க." வேப்பமரத்தடியில் குடங்களை வரிசையாக இறக்கினாள்.

சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்காளிகளைக் கூப்பிட்டார்.

வியாகுலம்மாள் உள்ளே வந்தாள். பெருமாள்சாமியின் கால்மாட்டில் சிலுவை போட்டுக்கொண்டு, செல்லக்கிளியின் அருகே உட்கார்ந்தாள்.

"அய்யா ஒனக்குச் சொன்னாகளோ என்னமோ. நாலு மாசமா விடியக்காலம் எங்களுக்கு எட்டுக் குடம் விட்டாக. இந்த ஏழும் நேத்து விட்டதுல மிஞ்சினதுதான். குழாயத் திறந்துபோட்டு அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிருவாக. எட்டாவது குடம் நெறஞ்சதும், அப்பத்தான் முழிச்ச மாதிரி, யாரது அங்கன்னு ஒரு அதட்டு. அம்புட்டு நடிப்பு."

வாசலில் நின்ற ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் பெரியவரே, ஆபீஸ்ல கேட்டா என்ன செய்வீகன்னேன். ஆபீஸ் கெடக்கு, புல்லுப் பங்கை எடுத்துட்டேன், அதுக்கு நாந்தான் பதில் சொல்லணும்னாக. ஒரு நாளைக்கு ஒரு குடந்தான் திருப்பி ஊத்த முடியுதாம். அதுல அவுகளுக்கு வெசனம்."

செல்லக்கிளி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குளிப்பாட்டினார்கள். அப்பாவின் பாதத்து வெடிப்புகளில் இருந்த செம்மண் கரைந்து ஓடியது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டைக் கழுவினாள்.

மறுநாள் காலை ஆண்கள் எல்லோரும் சாம்பல் அள்ளச் சுடுகாட்டுக்குப் போனார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அண்டை வீட்டு ராமுத்தாய் இவளுக்கும் சேர்த்து நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டுப் போனாள். தீட்டு வீட்டுப் பெண் வெளியே இறங்கக் கூடாது.

செல்லக்கிளி ஆணியில் தொங்கிய சாவியையும் ஒரு குடத்தையும் எடுத்துக்கொண்டு கொல்லைச் சந்து வழியாக நடந்தாள். மைதானத்தில் யாரும் இல்லை. வடக்கு மூலையில் புல் பழுத்துக் கிடந்தது. குனிந்து மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் நின்றது. பிறகு மண் இழுத்துக்கொண்டது.

இரண்டு மைனாக்கள் அந்த ஈரத்தில் வந்து இறங்கின. அவள் குடத்தை நிமிர்த்திக்கொண்டு அடுத்த நடைக்குத் திரும்பினாள்.