ஏரியைக் குடித்தவர்

தோல் பதனிடும் டேனரியின் முதலாளி ராமமூர்த்தியின் மாடிவீடு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அஸ்திவாரத்தோடு பெயர்ந்து, மிதக்கும் புல்திட்டு ஒன்றின் மேல் ஏறி, எங்கள் ஏரியின் நடுவில் போய் நின்றது. உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். மனைவி திருப்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்; வந்த தெய்வத்துக்கு அவர் மனைவிமேல் கோபமில்லை.

காரணம் மீன்தான். மணிப்பூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்க வந்த மெம்சாவுக்கும் எங்கள் ஊர்ப் பரணிதரனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. அவள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தன்று ஒரு ஜோடி விராலைத் தண்ணீரில் விட வேண்டும். இரண்டும் சேர்ந்து நீந்தினால்தான் தாலி. அன்று ஒருநாள் டேனரிக் கழிவுநீரை ஏரியில் திறப்பதில்லை என்று ராமமூர்த்தி கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். கல்யாணத்தன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் திறந்துவிட்டு, பழியை மழைமேல் போடுவது அவர் பழக்கம். கை சும்மா இருக்குமா? திறந்துவிட்டார். மெம்சாவின் கையைவிட்டு இறங்கியதுமே விரால்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

“ரெண்டு மீனு செத்தா இன்னாம்மா? மார்க்கெட்ல வேற வாங்கிக்கோ,” என்றார், பட்டுவேட்டியில் விருந்துக்கு வந்திருந்த ராமமூர்த்தி.

மெம்சா அழவில்லை. மாலையைக் கழற்றி ஏரியில் வீசி, தன் ஊர் லோக்தாக் ஏரித்தெய்வத்தை “இமா”, அதாவது அம்மா, என்று கூப்பிட்டாள். மறுவாரம் ஜோலார்பேட்டையில் துணி சொட்டச் சொட்ட ஒரு பெண் ரயிலைவிட்டு இறங்கினாள். நடந்த இடமெல்லாம் புல் முளைத்தது. டிக்கெட் பரிசோதகர் பிளாட்பாரம் வழுக்குகிறது என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைதான் வீடு போனது.

அந்த வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் ஏரித்தண்ணீர்தான், நீலமும் நுரையுமாக. பரிசலில் கேன் தண்ணீர் அனுப்பினோம். வாயருகே போனதும் அதுவும் நீலமானது. குடித்தார், வாந்தி எடுத்தார், மறுபடி குடித்தார். சாகவில்லை, அந்த ஏரித்தெய்வம் விடவில்லை. அவர் ஒரு சொம்பு குடித்தால் கரையோரம் ஒரு முழம் தெளிந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்! எங்கள் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரித்தபோது இந்த மனுஷன் எட்டிப் பார்த்தாரா? பரணிதரன்தான் மனசு கேட்காமல், “வுட்டுடச் சொல்லு மெம்சா, பாவமா இருக்குது,” என்றான்.

“மீனு உயிரோட நீந்தட்டும். அப்புறம் பேசலாம்,” என்றாள்.

சில வருஷம் கழித்து ஒரு தை மாதத்தில், மெம்சா மறுபடி விட்ட விரால்கள் அருகருகே நீந்திப் போயின. பரணிதரன் கரையிலேயே தாலி கட்டினான். மொட்டைமாடியிலிருந்து ராமமூர்த்தி, உதடெல்லாம் நீலமாக, “போதுமா தாயே? எறங்கிக்கட்டுமா?” என்று கத்தினார்.

மெம்சா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க கெடுத்த கெணறெல்லாம் இன்னும் இருக்குதே, சார்.”

மறுநாள் வீடு கரையேறி, மேட்டுத்தெருப் பொதுக்கிணற்றுப் பக்கம் நகர ஆரம்பித்தது. வழியில் தாழ்ந்திருந்த வயர்களை ஈ.பி. ஆட்கள் தூக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.