எச்சில் படாத டம்ளர்

எழுபத்தெட்டு வயது வரை சிவசண்முகம் எந்த டம்ளரிலும் உதடு வைத்ததில்லை. தண்ணியோ காப்பியோ, அண்ணாந்து தூக்கித்தான் குடிப்பார். வாய் வைத்துக் குடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதற்காக அதிகம் ஏச்சு வாங்கியவள் அவர் மனைவி சொர்ணாம்பாள்.

இப்போது குடிக்கும்போதெல்லாம் புரையேறி, நுரையீரலில் சளி கட்டி, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வந்த அஃப்ரா விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

"வயசாகி நாக்கும் தொண்டையும் தளர்ந்துபோச்சுய்யா. அண்ணாந்து ஊத்துனா காப்பி மூச்சுக்குழலுக்குள்ள போயிருது. நாடியைத் தாழ்த்தி, வாய் வச்சு, பைய உறிஞ்சுங்க."

"எச்சி பண்ணிக் குடிக்கதுக்கு நான் பட்டினியே கிடக்கேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொர்ணாம்பாளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காப்பி டம்ளரை அவர் முன்னால் நீட்டினாள். "இத்தனை நாளா உங்க கோழையைத் துடைச்சது எந்தக் கை? அதுல ஒட்டாத எச்சியா இந்த டம்ளர்ல ஒட்டிரப் போவுது? குடிங்க!"

அவர் எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கி, நாடியைத் தாழ்த்தி ஒரு மடக்கு உறிஞ்சினார். இருமல் வரவில்லை. இன்னொரு மடக்கு உறிஞ்சினார். பிறகு டம்ளரை மூக்கருகிலேயே வைத்துக்கொண்டு மோந்து பார்த்தார்.

"சொர்ணம், காப்பி இம்புட்டு மணமாவா இருக்கும்?"

"இருக்கும்" என்றாள் அவள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு நான் இப்படித்தான குடிக்கேன்."