பின்னால் நின்றவர் சொன்ன யோசனை

மார்ச் ஒன்பது, ஞாயிறு, மாலை நான்கரை மணி. நான் வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை, ஆட்டத்திலேயே இல்லாத ஒருவர் வாயாலேயே பறித்துக்கொண்டார். அவர் என் சம்பந்தி.

எங்கள் சங்கத்தின் போக்கர் மேசைக்கு எட்டே நாற்காலிகள். பணம் வைப்பதில்லை, ஆளுக்கு நூறு பிளாஸ்டிக் சில்லுகள். தொடர்ந்து மூன்று வாரம் முதல் ஆளாகத் தோற்பவர், காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்கு நாற்காலியை விட்டுவிட வேண்டும். நான் இரண்டு வாரம் தோற்றிருந்தேன். ஓய்வுபெற்ற எனக்கு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் இடம் அது ஒன்றே.

ஆகவே வாரம் முழுவதும் படித்தேன். கண்ட சீட்டுக்கெல்லாம் ஆடக்கூடாது; எதிராளி நல்ல சீட்டு வரும் என்று துரத்தினால், துரத்தும் விலையை உயர்த்த வேண்டும். அன்று ஒரு மணி நேரம் வந்த சீட்டையெல்லாம் மடக்கினேன்.

“வாத்தியாரே, ஆட வந்தீங்களா, அடுக்கி வைக்க வந்தீங்களா?” என்றார் தையற்காரர்.

கடைசியில் ராஜாவும் ஒன்பதும் வந்தன. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த நான்கு சீட்டுகளில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. எனக்கு இரண்டு ஜோடி. ஆனால் அந்த நான்கில் இரண்டு ஆர்ட்டின். மற்றவர்கள் அந்தச் சுற்றில் மடக்கிவிட, எதிரில் எஞ்சியவர் தையற்காரர் மட்டுமே. அவரிடமும் இரண்டு ஆர்ட்டின் இருந்து, ஐந்தாவது சீட்டும் ஆர்ட்டினாக விழுந்தால், ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து என் ஜோடிகளை வெல்லும்; நான் தொலைந்தேன். குவியலில் நாற்பது சில்லுகள். என்னிடம் மீதி நாற்பது. அத்தனையையும் தள்ளினேன். ஐந்தில் ஒரு முறை வரும் சீட்டுக்காக அவரும் நாற்பது வைப்பது நஷ்டம்.

தையற்காரர் உதட்டைப் பிதுக்கி, சீட்டுகளை எறியக் கையைத் தூக்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையுடன் நின்ற சம்பந்தி சொன்னார்: “ஆர்ட்டின்ல இன்னும் ஒன்பது சீட்டு வெளியில இருக்கு. விட்டுடாதீங்க.”

தூக்கிய கை நின்றது. “அப்படியா?” என்று நாற்பதைத் தள்ளினார் தையற்காரர். விழுந்தது ஆர்ட்டின் ஐந்து.

விதிக்கும் புறம்பான யோசனை. கணக்குக்கும் புறம்பான யோசனை. ஆனாலும் வென்றது.

“பார்க்க நிக்கிறவர் பேசலாமா?” என்றேன்.

சீட்டுப் போட்ட பல் மருத்துவர் சுவரிலிருந்த விதிப்பலகையைப் பார்த்தார். “‘ஆடுபவர் சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது’ன்னுதான் சார் இருக்கு. நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?”

உண்மைதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே விதி வகுத்தவன், நிற்பவர்களை மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரமும் முதல் ஆளாகத் தோற்றவன் நான்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் சம்பந்தியுடையது. “அட, நானா? ஞாபகமே இல்ல சம்பந்தி,” என்றபடி கோப்பையை என் இடத்தில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“கமிட்டிக்கு எழுதப் போறீங்களாப்பா?”

“எழுதிட்டேன். இன்னும் கொடுக்கல.”

“மாமா ரொம்ப சந்தோஷமா இருக்காரு. நீங்க கொடுத்துட்டு உங்க வீட்டுல இருப்பீங்க. தினம் அவர் முகத்துல முழிக்கிறது நான்தானே?”

புகார் கொடுக்க நாளையே கடைசி நாள். கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. கால்மணிக்கொரு முறை கை அங்கே போய்த் திரும்புகிறது. அதைக் கொடுக்கத் துணிவில்லாமல்தான் பெயர் போடாமல் இதை எழுதுகிறேன்.

எந்த ஊரில், எந்த மேசைக்குப் பின்னால் நிற்பவராயினும் சரி, உங்களுக்குச் சொல்கிறேன்: வாயைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டீர்களா? அதனால் காலியாகும் நாற்காலியில் உட்காராதீர்கள்.