நோன்பு மாதத்துச் சோதனை

1
இந்தக் கதை களவெடுத்தது. எழுபத்தாறாம் ஆண்டு மூதூர் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் ஒரு பெண், பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தலை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் கணவன், ஓயாத சிரிப்போடு. அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மிச்சமெல்லாம் என் கற்பனை. அவளுக்கு ஸாலிஹா, அவனுக்கு பாயிஸ் என்று பெயர் வைத்தேன்.

2
‘கடல் அன்று அமைதியாக…’

வேண்டாம். கடலில் தொடங்குவது திருகோணமலைக்காரனின் சோம்பல்.

ஸாலிஹாவின் கர்ப்பப்பையில் பிள்ளைக்குப் பதிலாகக் கட்டி வளர்ந்து, புற்றுநோயானது. கொழும்பில் மருந்தேற்றிக் குணமாக்கினார்கள். ஒரு வருடம் மாதாமாதம் சலச் சோதனை, அதாவது சிறுநீர்ச் சோதனை, சுத்தமாக வந்தால் பிள்ளை பெறலாம் என்றார் டொக்டர்.

[கர்ப்பத்தைக் காட்டும் சோதனைதான் இந்த நோய் திரும்புவதையும் காட்டும். இது என் கற்பனை இல்லை.]

3
கடைசிச் சோதனையும் சுத்தம். பிறகு இரண்டு மாதத்தில் நாள் தள்ளிப்போனது. இன்று ஆய்வுகூடத்துப் பரிசோதகர் ஆனந்தராசா சோதித்தார். “இருக்கு” என்றார்.

(முதல் பிரதியில் இவரை அதட்ட வைத்தேன். பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். இப்போது மெல்லக் கேட்கிறார்.)

“போனமுறை நோன்பு மாசமெல்லே? காலமை முதல் சலந்தானே கொண்டு வந்தனீங்கள்?”

“ஓம். விடிய சுபஹ் தொழுதிட்டு எடுத்தனான்.”

“சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினவுடன போனது?”

“அது இருட்டோட போனதுதானே. பிறகு நல்லாத் தண்ணி குடிச்சனான். பகலில குடிக்க ஏலாதே.”

ஆனந்தராசா கதிரையில் இருந்துவிட்டார். அத்தனை தண்ணீர் கலந்த சலத்தில் நோய் இருந்தாலும் தெரியாமல் போகும். அந்தச் சுத்தத்தை இனி நம்ப முடியாது. இப்போது வயிற்றில் இருப்பது பிள்ளையா, நோயா? சோதனை இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தரும்.

4
முடிவு அ: பிள்ளை. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது.

முடிவு ஆ: நோய். இரண்டு வரி எழுதிக் கிழித்தேன்.

முடிவு இ: உடனே கொழும்புக்குப் போய் மருந்தேற்றினால், நோயென்றால் போகும், பிள்ளையென்றால் அதுவும் போகும். பொறுத்திருந்தால் பிள்ளை வளரும், நோயென்றால் அது வளரும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸாலிஹா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“உங்களுக்கென்ன, மூண்டையும் எழுதி வைப்பீங்கள். அவர் வெளியில நிக்கிறார். சோதனையில இருக்கெண்டு சொன்னா மனுசன் சந்தோசத்தில துள்ளுவார். சொல்லட்டோ?”

எனக்குத் தெரியவில்லை. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், பாயிஸ் கதவடிக்கு வந்துவிட்டான்.