நேரங்கெட்ட சங்கு

ஓட்டுக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான் நிற்கிறது. அது அழிந்த நாளில் முதலில் சத்தம் போட்டவள் மேஸ்திரியின் மனைவி. ஓடு அழுத்தும் இயந்திரத்தில் பதினாறு வருடம் நின்றவள்.

சூளைக்கு மண் வெட்டி வெட்டியே பள்ளம் ஓடு காயவைக்கும் கொட்டகைக்குப் பத்தடி வரை நெருங்கியிருந்தது. அன்று காலை சுடாத பச்சை ஓடுகளை அடுக்கிவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தப் போனாள். நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு வெடிப்பு, சுவரை ஒட்டியே சூளைப் பக்கம் ஓடியது. கையை விட்டாள், மணிக்கட்டு வரை போனது.

கீழே பள்ளத்தில் பதினொரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி.

கம்பெனி வாசலில் நின்ற புருஷனிடம் ஓடினாள்.

"கொட்டகை நகருதுங்க. ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க."

"வெயிலுக்குத் தரை வெடிக்கத்தான் செய்யும். சூளை எரிஞ்சுட்டிருக்கு, முதலாளி வேற வந்திருக்காரு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

சாப்பாட்டு நேரத்துக்கு ஊதும் கம்பெனிச் சங்கின் கயிறு வாசலில் தொங்கியது, அவள் அதைப் பிடித்தாள். அவன் அவள் கையை முறுக்கினான். மறு கையால் இழுத்துவிட்டாள்.

சூளைக்காரர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். பள்ளத்து ஆட்கள் சாலைப் பக்கத்து ஏணியில் ஏறி வந்தார்கள்.

"பத்து மணிக்கே யாருக்குக்கா சங்கு ஊதுனே?" என்று தம்பி சிரித்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. "யார் வேலை இது?"

மேஸ்திரி தன் மனைவியைக் காட்டினான்.

"நாளையிலேர்ந்து நீ வராதே" என்றார்.

அவள் ஏணியின் மேல்முனையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "என்னை மிதிச்சுட்டு இறங்குங்க."

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முதலாளியின் பார்வை தாங்காமல் மேஸ்திரி அவளைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் இறங்கினான். பள்ளத்தின் நடுவில் நின்று கத்தினான்: "பாத்துக்கோங்க! எங்க விழுது?"

அவன் காலடியில் கலங்கல் தண்ணீர் பொங்கியது. கணுக்கால். முழங்கால். அவன் முகம் மாறியதை அவள் மேலிருந்தே பார்த்தாள். ஏணியை நோக்கி ஓடினான். அதன் கால் சேற்றில் புதைந்து சரிந்தது.

தம்பி கரையில் கிடந்த ஒரு கயிற்றை வீசினான். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். மேஸ்திரியின் மார்பு கரையைத் தொட்டபோது எதிர்ப்பக்கம் கொட்டகை கூரையோடு பள்ளத்துக்குள் இறங்கியது. பின்னாலேயே சூளை. நெருப்பு தண்ணீரில் விழுந்ததும் எழும்பிய ஆவியில் பக்கத்தில் நின்றவர் முகம்கூடத் தெரியவில்லை. அதற்குள் நின்று மேஸ்திரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரி, "சங்கு ஊதினது யாரு?" என்று கேட்டார்.

"எங்க மேஸ்திரிதான்" என்று, கம்பெனியே எச்சரித்ததாகக் காட்ட முதலாளி முந்திக்கொண்டார்.

மேஸ்திரி எழுந்தான். "இல்லீங்க, என் வீட்டுக்காரி. நான் தடுத்தேன். அதையும் எழுதிக்கோங்க."

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் அவனை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளவில்லை. வேறு ஊர் ஓட்டுக் கம்பெனியில் அவளுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. அவன் அவள் இயந்திரத்துக்கு மண் சுமந்தான்.