இரவல் நெஞ்சு

பல்லாவரத்து மலையடிவாரத்தில் அன்று ஜல்லி மிஷினை நிறுத்தி, ஆட்களை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷம், மாசி வெயில். வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார். சத்தம் சரியில்லை என்றால் மறுநாள் வேலை கிடையாது. வைத்தியம் அவரவர் பாடு.

ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன், கூட வேலை செய்யும் தட்சிணாமூர்த்தியின் கையைப் பிடித்தான்.

"மச்சான், இந்த வாட்டி எனக்காக நீ போய் நில்லு. வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

"போன வருசம் யேசுதாசனுக்கு நின்னேன். இன்னாடா, நெஞ்ச வாடகைக்கு வுட்டுக்கினா கீறேன்?"

சொல்லிக்கொண்டே தட்சிணாமூர்த்தி சட்டையைக் கழற்றினான். அவனுக்கு இருமல் கிடையாது. "மாடு மாதிரி கீற, உனக்கு எதுக்குடா டெஸ்டு?" என்று மேஸ்திரி அவன் பேருக்குத் தானே டிக் போட்டுவிடுவார். தன் பேரில் அவன் ஒருமுறையும் டாக்டர் முன்னால் நின்றதில்லை.

அரிகிருஷ்ணன் பேரைக் கூப்பிட்டதும் அவன் உள்ளே போனான். டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகில் வைத்தார்.

"இழுத்து மூச்சு விடு."

இன்னும் கீழே வைத்தார். "திரும்ப விடு."

பிறகு காதிலிருந்து குழாயை எடுத்தார். "அரிகிருஷ்ணன்தானே? அடியில சருகு நொறுங்கற மாதிரி கேக்குதுப்பா. கல்தூசி இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன். இனிமே இந்த வேலை வேணாம். நாளைக்கே தாம்பரம் சானடோரியம் போய் எக்ஸ்ரே எடு."

தட்சிணாமூர்த்திக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. வாயை மூடிக்கொண்டு போனால் தன் வேலை இருக்கும், அரிகிருஷ்ணன் வேலை போகும். சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்றான்.

"சார், நான் அரிகிருஷ்ணன் இல்ல. தட்சிணாமூர்த்தி. அது என் நெஞ்சு."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டினார். அரிகிருஷ்ணனை உள்ளே இழுத்து வந்தார்கள். அவன் மார்பிலும் முதுகிலும் டாக்டர் நிதானமாக வைத்துக் கேட்டார்.

"உனக்கு பீடிச் சளி. மருந்து எழுதறேன். பீடியை விடு."

வெளியே வந்து அரிகிருஷ்ணன் அழுதான். "உனக்கு இருமலே இல்லியே, மச்சான்."

"இல்லதான்."

வரிசையில் யேசுதாசன் இன்னொருவன் காதில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். தட்சிணாமூர்த்தி அவன் தோளைத் தொட்டான். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"யேசு, உன் நெஞ்ச நீயே காட்டு. வேற ஆளு போய் நின்னா வேலை தங்கும். நோவும் உள்ளயே தங்கும். உங்க பேர்ல எல்லாம் நின்னுகினு இருந்தேன், எனக்கு இன்னான்னு எனக்கே தெர்ல."